பட்டாளத்துக் கடிதத்தை முதலில் அத்தையிடம் வாசித்துக் காட்டுங்கள்

குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாகப் பலமநேர் போகிற சாலையிலும், பரதராமி வழியாகச் சித்தூர் போகிற சாலையிலும் பழைய வீடுகளுக்குள் போனால் பரணில் ஒரு பட்டாளத்துப் பெட்டி இருக்கும். கறுப்புத் தகரம், மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பரும் பெயரும். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போவது பரம்பரைப் பழக்கம். வேலூருக்கு அந்தப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் படையில் இருந்தார்கள். ஒருவரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை. ஆனால் மழை பொய்த்த கடலைக்காட்டுக்காரனுக்கு அது எந்த அளவுக்குச் சொந்த விருப்பம் என்பது வேறு பேச்சு.

எங்கள் தாத்தா 1940-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. 1941-ல் பம்பாயில் கப்பலேறி ஈராக்கிலுள்ள பாஸ்ரா போனார். பிறகு 1944-ல் எகிப்திலிருந்து இத்தாலிக்கு இன்னொரு கப்பல். 1946-ல் திரும்பி வந்து சாகும்வரை கடலை பயிரிட்டார். அவர் போகும்போது நான் சின்னப் பையன், கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயதில்லை. இருப்பது அவர் கடிதங்கள்தான். அவற்றிலும் கப்பலில் உட்கார்ந்து எழுதியவைதான் என்னை அதிகம் பிடித்து வைத்தவை.

இதை எழுதக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட கடிதங்களை எடுத்துப் படிக்கிற பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாந்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதில் சண்டை இல்லை, குண்டு இல்லை, கப்பலின் பெயர்கூட இல்லை. மணியார்டர் வந்ததா, கிஸ்தி கட்டியாச்சா, கிணற்றில் தண்ணீர் எத்தனை மட்டு என்று போகிறது. 'ஒன்றுமே இல்லையே' என்று நினைக்கிற வீட்டிலிருந்துதான் அடுத்த மாதம் அந்தக் கட்டு பழைய பேப்பர்க்காரனுக்கோ, தபால்தலை வாங்க வருகிறவனுக்கோ போகிறது. ஒன்றுமே இல்லை என்பது தவறு. எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கிற சாவி ராணுவப் புத்தகத்தில் இல்லை. நம் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் இருக்கிறது.

கடிதங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் எழுதுகிறவன் கப்பல் பெயர், புறப்பட்ட துறைமுகம், தேதி, போகும் திசை, கூட வரும் கப்பல்கள் எதையும் எழுதக்கூடாது. உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். கம்பெனி அதிகாரி படிப்பார், அதற்குமேல் தணிக்கை அலுவலகத்திலும் பிரிப்பார்கள். தப்பான வரியை மையால் அடிப்பார்கள், அல்லது கத்தியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். நடுக்கடலில் தபால் ஆபீஸ் ஏது? கரை சேர்ந்த பிறகுதான் கட்டு இறங்கும். ஊர் வந்து சேர வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். இங்கே வந்தபின் அதை வாசிப்பது யார்? எங்கள் ஆயாவுக்கு, அதாவது தாத்தாவின் மனைவிக்கு, படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், தெருவே கேட்கும். ஆக எழுதுகிற ஆள் அங்கே அதிகாரிக்கும் இங்கே தெருவுக்கும் சேர்த்துத்தான் எழுதினார். இரண்டு காவலையும் தாண்டி வீட்டுக்கு மட்டும் புரிகிற மாதிரி சேதியை அனுப்ப வேண்டும்.

எங்கள் அத்தை, தாத்தாவின் மூத்த பெண், 1935-ல் பிறந்தவர். தாத்தா கப்பலேறும்போது ஆறு வயது. இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மந்தம், நினைவு மட்டும் பிசகவில்லை. முதல் கப்பல் கடிதத்தை அவர் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தம்பிக்கு எழுதிய கடிதம் அது. 'சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்' என்று ஆரம்பித்து, 'நிற்க' போட்டு, விஷயத்துக்கு வருகிறது. நடுவில் ஒரு வரி: செவலைப் பசு கன்று போட்டாச்சா, காளையா கிடேரியா, உடனே எழுதவும், பசுவுக்குப் பிண்ணாக்கு குறைக்க வேண்டாம்.

நான் படித்துக்கொண்டே போனேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்மூட்ல செவலைப் பசு ஏதுடா? நம்மூட்ல இருந்தது ரெண்டும் கறுப்பு எருமை. செவலைன்னு நைனா சொல்றது எங்கம்மாவ. அது செவப்பா இருக்கும். அப்ப வயித்துல உங்கப்பன்."

ஆயாவுக்கு அது பேறுகாலம். பெண்டாட்டிக்கு நேராக எழுதும் வழக்கம் அன்றைக்கு இல்லை. எழுதினாலும் வாத்தியார் வாயால் தெருவில் கேட்கவேண்டும். அதனால் தம்பிக்கு எழுதுகிற கடிதத்தில் பசுவைப் பற்றி விசாரிக்கிறார். ஆறு வயதுப் பெண்ணுக்கே அது அப்போது புரிந்திருக்கிறது. அடுத்தடுத்த கடிதங்களில் காளைக்கன்று பால் குடிக்கிறதா, எழுந்து நிற்கிறதா என்று விசாரணை தொடர்கிறது. அந்தக் காளைக்கன்று என் அப்பா. அவர் நடந்து, பேசி, ஓடியாடித் திரிய ஆரம்பித்த பிறகுதான் தாத்தா முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு வரியை எந்த ராணுவ ஆராய்ச்சியாளரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். கால்நடைக் கணக்கு என்று தாண்டிப் போயிருப்பார்.

அதிலிருந்து நான் கைக்கொண்ட முறை இது. கடிதத்தைப் படமெடுப்பதற்கும் தட்டச்சு செய்வதற்கும் முன்னால், வீட்டில் மூத்தவர் யாரோ அவர் எதிரில் முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். மௌனமாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வது வேறு, காதால் கேட்பது வேறு. அவர்கள் அன்றைக்கும் காதால்தான் கேட்டார்கள். படிக்கும்போது போனில் ஒலிப்பதிவு ஓடட்டும். நடுவில் 'அப்படின்னா என்ன' என்று கேட்டு மறிக்காமல் படியுங்கள், அவர்களே நிறுத்துவார்கள். முடிந்தபின் வீட்டோடு ஒட்டாத பெயர்களைத் திரும்பக் கேளுங்கள். இல்லாத மாடு, இல்லாத மாமன், விதைக்காத பயிர் எங்கே வருகிறதோ அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. ஒருவர் போதாது. எங்கள் வீட்டில் அத்தைக்குத் தெரியாத ஒன்றைச் சின்னத் தாத்தாவின் மருமகள் சொன்னார், மாமியார் வாய்வழி கேட்டதாக. இதைத் தள்ளிப்போடாதீர்கள். காகிதம் இன்னும் சில பத்தாண்டு தாங்கும். இவர்கள் தாங்கமாட்டார்கள்.

அதே கடிதத்தில் தேதி இல்லை. மேலே 'கடலில்' என்று மட்டும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது பத்தியில், சிரசு முடிந்த எட்டாம் நாள் ஏறினோம், இந்த வருஷம் சிரசு பார்க்காதது மனசுக்குக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். குடியாத்தம்காரனுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்க் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மன் தலையை எடுத்து வருகிற சிரசு ஊர்வலம் வைகாசி முதல் தேதி. அந்த வருஷம் விஷு, அதாவது 1941. வைகாசி பிறப்பு மே 14 அல்லது 15. எட்டு நாள் கூட்டினால் மே 22-ஐ ஒட்டிக் கப்பல் புறப்பட்டிருக்கிறது. பாஸ்ராவில் இந்தியப் படைகள் ஏப்ரல் 18-லிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஈராக்கில் சண்டை மே 31-ல் நின்றது. அப்படியென்றால் சண்டை முடிகிற நேரத்துக்குத்தான் இவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தணிக்கை அதிகாரிக்குச் சிரசு என்றால் என்ன தெரியும்? வெட்டாமல் விட்டுவிட்டார்.

ஆகவே உங்கள் கடிதத்தில் தேதி இல்லையென்று கைவிடாதீர்கள். திருப்பதி கங்கம்மா ஜாத்திரை, கார்த்திகை, ஆடிப்பெருக்கு, கிரகணம், ஊரில் யாருடைய கல்யாணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். தமிழ் வருஷப் பெயர் போட்டிருந்தால் சுலபம். விக்கிரம 1940, விஷு 1941, சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. ஒவ்வொன்றும் ஏப்ரல் நடுவில் பிறந்து மறுவருஷம் ஏப்ரல் வரை போகும் என்பதை மறக்கக்கூடாது. பங்குனிக் கடிதத்தை ஒரு வருஷம் முன்னால் தள்ளி வைத்துக் குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னை ரொம்பநேரம் உட்காரவைத்த வரி வேறொன்று. நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலகாணி போல் ஒன்றை நெஞ்சிலும் முதுகிலும் கட்டிக்கொண்டேதான் படுக்கிறோம், கழற்றினால் சர்க்கார் கோபிப்பார்கள், ஊஞ்சல் துணியில் தூக்கம் நன்றாக வருகிறது, கவலை வேண்டாம். அந்தக் காலத்து உயிர்காப்பு அங்கியில் அடைத்திருந்தது உண்மையிலேயே இலவம்பஞ்சுதான், தண்ணீரில் மிதக்கும். படைக்கப்பல்களில் இரவும் பகலும் அதை விட்டுப் பிரியக்கூடாது. இருட்டியபின் மேல்தளத்தில் ஒரு பீடிகூடப் பற்றவைக்க முடியாது, வட்ட ஜன்னலெல்லாம் அடைத்துவிடுவார்கள். கப்பல்கள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். எல்லாம் நீர்மூழ்கிக்குப் பயந்து. 1944 பிப்ரவரி 12-ல் மாலத்தீவுக்குப் பக்கத்தில் கெடிவ் இஸ்மாயில் என்ற படைக்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி அடித்தபோது ஏறக்குறைய 1,300 பேர் செத்தார்கள். நம் இந்துமாக்கடலில் நடந்தது அது.

தலகாணி கட்டிக்கொண்டு தூங்குகிற செய்தியைக் கேட்டு அன்றைக்குத் திண்ணையில் எல்லோரும் சிரித்தார்களாம். ஆயா மட்டும் உள்ளே போய்விட்டாளாம். "அது இன்னாத்துக்குத் தலகாணின்னு எங்கம்மாவுக்கு வெளங்கிப்போச்சு" என்றார் அத்தை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பயத்தையும் எழுதவில்லை. தலகாணி என்று எழுதினார், அவ்வளவுதான்.

குளிக்கக் கடல்தண்ணீர்தான், சோப்பு நுரைக்கவே இல்லை என்று எழுதுகிறார். நம் ஆட்களுக்கு ரொட்டி போட்டால் வயிறு கேட்பதில்லை, அரிசி கிடைத்த அன்று எல்லோரும் சிரித்த முகமாய் இருந்தோம் என்று எழுதுகிறார். இரண்டு நாள் வாந்தி என்பதை, 'புது மாட்டுவண்டியில் போனவன் போல் இருந்தது' என்று முடித்துவிடுகிறார். இவை சின்ன விஷயங்கள் என்று தாண்டாதீர்கள். கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுப் போன ஆயிரம் பேரின் வாழ்க்கை இதுதான். வரலாற்றுப் புத்தகத்தில் இந்தச் சோப்பு வராது.

இத்தாலிக் கடிதம் இன்னும் விசித்திரம். பாதி கப்பலில் எழுதியது, பாதி கரையில். பென்சில் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் எழுதிய பாதியில், இவ்விடம் வேப்பம்பழம் அளவில் ஒரு காய், உப்பில் ஊறவைத்துத் தின்கிறார்கள், எண்ணெயும் அதிலேதான் எடுக்கிறார்கள், மலையெல்லாம் அந்த மரம் என்று எழுதியிருக்கிறார். ஆலிவ் மரம். ஊர்ப் பெயர் எழுதாமலே எங்கே இருக்கிறார் என்று காட்டிவிட்டார். ஆனால் அந்த நாட்டில் சாப்பர்கள் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதே இத்தாலியில், 1944 பிப்ரவரி 24-ல், மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். என் தாத்தாவுக்கும் அதே வெடி எடுக்கிற வேலைதான். தாத்தா கேட்டதெல்லாம் கிணற்றில் இன்னும் இரண்டு மட்டு இறக்கினீர்களா என்பது.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தா எட்டாவது தேறியவர், கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். பரதராமிப் பக்கம் ஒரு வீட்டில் தங்கள் பெரியப்பாவின் கடிதங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அந்தப் பெரியப்பா திரும்பி வரவில்லை. கட்டைப் பிரித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கையெழுத்து என் தாத்தாவுடையது. 'நி' போடுகிற வளைவும், 'நிற்க' என்பதற்கு அடியில் இரட்டைக்கோடும் மாற்றமில்லை. கீழே மட்டும் அவர் பெயர் இல்லை. ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. எழுதத் தெரியாத கூட்டாளிக்கு இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த ரேகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மை இல்லை, பென்சில்தான். அன்றைக்குக் காப்பியிங் பென்சில் என்று ஒன்று உண்டு. எழுதும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பிடித்துக்கொள்ளும். பெருவிரலை எச்சிலில் நனைத்து, அதன்மேல் பென்சிலைத் தேய்த்து, காகிதத்தில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் அழுத்தம் கூடி ஊதா பரவியிருக்கிறது, இன்னொரு பக்கம் ரேகை கோடு கோடாக அப்படியே நிற்கிறது. அந்த வீட்டில் அவருடைய போட்டோ கிடையாது. இருப்பது இந்த விரல்தான்.

எனவே கையெழுத்து ஒருவருடையது, கடிதம் இன்னொருவருடையது என்பது சாதாரணம். கம்பெனியில் எழுதத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அத்தனை பேருக்கும் அவர்களே எழுதினார்கள். பக்கத்து ஊர்க் கட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கை இரண்டு வீட்டில் தென்பட்டால் அந்த இரண்டு பேரும் ஒரே கம்பெனி, பெரும்பாலும் ஒரே கப்பல். ஒரு வீட்டில் இல்லாத தகவல் மற்ற வீட்டில் இருக்கும்.

தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் வருகிற இன்னொரு சிக்கல், எழுத்து. பலமநேர், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பட்டாளத்துக்குப் போனபின் வீட்டுப் பேச்சான தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதினார்கள். தமிழ் மட்டும் படித்தவன் பார்த்தால் தெலுங்குக் கடிதம் என்று வைத்துவிடுவான். தெலுங்கு தெரிந்தவனிடம் கொடுத்தால் 'இது தெலுங்கே இல்லை' என்று திருப்பித் தருவான். இதற்கு நான் கண்ட வழி, தெலுங்கு மட்டும் தெரிந்த ஒருவரை எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்வது. அர்த்தம் தேட வேண்டாம், வாய்விட்டுச் சொல்லு போதும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நாம் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். இரண்டாவது வரியிலேயே நம் ஊர்ப் பேச்சு வந்துவிடும். ஒரு வீட்டில் அப்படிப் படித்த தெலுங்குப் பிள்ளை, ஐந்தாறு வரி தாண்டியதும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி அழ ஆரம்பித்ததைப் பார்த்து, தான் என்ன படித்தோம் என்று தெரியாமல் திகைத்து நின்றது.

தமிழெழுத்துக் கடிதத்திலும் புள்ளி இருக்காது. துணைக்கால் எது, ரகரம் எது என்று பிரிக்க முடியாது. னை, லை, றா போன்றவை 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருக்கும். இதற்கும் சத்தமாகப் படிப்பதுதான் மருந்து. கண் தடுமாறுகிற இடத்தில் நாக்கு சரியாகப் போகும்.

இனி கட்டைக் கையாளுவது. லேமினேஷன் செய்யாதீர்கள். உறவில் ஒருவர் ஆசையாக ஒரு கடிதத்தைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்தார். சூட்டில் மை பரவி, மடிப்பெல்லாம் பழுப்பாகி, இனி அதை உரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் காப்பியிங் பென்சில் எழுத்து மொத்தமும் ஊதாக் குளமாகிவிடும். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காமல் காகிதத்தைத் தாங்கிப் பிடித்து மெல்ல நகர்த்தி எடுங்கள். எட்டாக மடித்ததை ஒரே நாளில் பிரித்து நீவ வேண்டாம். பிரிகிற அளவு பிரித்து, வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வைத்து, மேலே ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும். அமிலமில்லாத காகிதம் கிடைத்தால் அதில் சுற்றுவது உத்தமம், கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணி போதும். இராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கிறோம், கடிதத்தின்மேல் படாமல். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும்.

படமெடுக்க ஸ்டுடியோ வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரம், போன் போதும். முன்பக்கம், பின்பக்கம், உறையின் இரண்டு பக்கம் எல்லாமும் வேண்டும். பென்சில் மங்கி எழுத்தே தெரியாத இடத்தில், அறையை இருட்டாக்கி டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பென்சில் முனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். கிணறு வெட்டச் சொன்ன வரியை நான் அப்படித்தான் படித்தேன்.

கடிதத்திலிருந்து உறையை ஒருபோதும் தனியாகப் பிரிக்காதீர்கள். தபால்தலை சேர்க்கிறவர்கள் கேட்பது உறையைத்தான், கடிதத்தை உங்களிடமே விட்டுவிடுவார்கள். பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். உறையில்தான் களத் தபால் நிலையத்தின் எண் இருக்கிறது, முத்திரைத் தேதி இருக்கிறது, தணிக்கை முத்திரை இருக்கிறது. எந்த எண் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்று தபால் வரலாறு ஆராய்கிறவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மறைத்த சர்க்காரே எண்ணைக் குத்தி அனுப்பியிருக்கிறது. பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் படை எண், பதவி, பெயர், கம்பெனி இருக்கும். படை எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்குப் பெங்களூரில் உள்ள ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். எழுதுவதற்கு முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும். ஆந்திரப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அங்கே சைனிக் நல அலுவலகம் இருக்கிறது. கடிதம் தொலைந்து பதக்கம் மட்டும் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த போர்ப் பதக்கத்தின் விளிம்பிலும், நட்சத்திரப் பதக்கங்களின் முதுகிலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்து அதை அழித்துவிடாதீர்கள்.

திரும்பி வராதவர்களைத் தேடுவது தனி வேலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களை வைத்திருக்கிறது, தேடக் காசில்லை. நம் ஆட்களைத் தேடும்போது பெயரை மட்டும் நம்பினால் கிடைக்காது. முனுசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். படைப்பிரிவையும் வருஷத்தையும் வைத்துப் பட்டியலை இறக்கி, ஒவ்வொரு பதிவிலும் இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று இருக்கிற குறிப்பைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அன்றைக்கு இரு பக்கமும் ஒரே மதராஸ் மாகாணம், எல்லைக்கோடு கிடையாது. ஆனால் ஜில்லா இரண்டு. எல்லையோர ஊர்க்காரரை வட ஆற்காட்டிலும் தேட வேண்டும், சித்தூரிலும் தேட வேண்டும். இந்துக்களைத் தகனம் செய்துவிட்டதால் பலருக்குக் கல்லறை இருக்காது, தகன நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். இத்தாலியில் ஃபோர்லி, சாங்ரோ ஆறு இரண்டு இடத்திலும் அப்படிச் சின்னங்கள் உண்டு.

பரதராமி வீட்டுப் பெரியப்பாவை அப்படித்தான் தேடினோம். அந்த வீட்டுப் பெண், ஆசிரியப் பயிற்சி படிக்கிறது, ராத்திரியெல்லாம் பட்டியல் பார்த்தது. அவர் பெயர் ஃபோர்லி சின்னத்தில் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து கூடுதல், தகப்பன் பெயர் சரி, ஊர்ப் பெயரை மட்டும் வேறு ஏதோ ஊர்போல் எழுதியிருந்தார்கள். படை எண் அந்த வீட்டுக் கடித உறையில் உள்ளதோடு அப்படியே பொருந்தியது. அந்த வீட்டில் இத்தனை காலமும் திதி கொடுத்தது புறப்பட்டுப் போன நாளை வைத்து. இப்போது இறந்த தேதி தெரியும்.

ஆணையத்துக்கு ஆதாரத்தோடு எழுதினால் பதிவைத் திருத்தக் கேட்கலாம். ஊர்ப் பெயரைச் சரிசெய்யச் சொல்லி அந்தப் பெண்ணே விண்ணப்பம் எழுதியது. ஆதாரமாக என்ன வைப்பது என்று யோசித்தபோது பிறப்புச் சான்று இல்லை, ரேஷன் கார்டு இல்லை, பழைய பட்டாவும் இல்லை. என் தாத்தா கையால் அவருடைய ஊர்ப் பெயரை எழுதியிருந்த அந்த உறையைத்தான் படமெடுத்து இணைத்தோம்.